தினமும் நடக்கும் வேலை, ஆனால் ‘மையப் பணி’ அல்ல: ஒரகடம் சாலையில் ஒரு சம்பளச் சீட்டை வாசித்தல்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பைப் பேருந்து நிறுத்தத்தில் காலை ஷிஃப்ட் நேரத்துக்குச் சற்று முன் நின்று பார்த்தால் இரண்டு வகை வண்டிகள் தென்படும். நிறுவனத்தின் பெயர் எழுதிய பேருந்துகள் ஒரு வகை. எந்தப் பெயரும் இல்லாத, அல்லது ஏதோ ஒரு ‘சர்வீசஸ்’ என்று மட்டும் எழுதிய காண்ட்ராக்டர் வேன்கள் மற்றொரு வகை. இரண்டும் ஒரகடம் தொழிற்பேட்டையின் அதே வாயில்களுக்குள்தான் நுழைகின்றன. உள்ளே இறங்கும் இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். தாளில் மட்டும் அவர்களுடைய முதலாளிகள் வேறு வேறு.

அந்த வேன்களில் வருபவர்கள் யார்? தரையைத் துடைப்பவர்கள், கழிவறை கழுவுபவர்கள், கேன்டீனில் தட்டு எடுப்பவர்கள், பாரம் ஏற்றி இறக்குபவர்கள், புல்தரைக்கு நீர் விடுபவர்கள். வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இவர்களுள் உண்டு. உள்ளூரிலிருந்து போகிறவர்களில் பலர் தலித் குடியிருப்புகளின் பெண்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. வேன் ஓட்டுநரின் வாயிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. எத்தனை பேர் தலித்துகள் என்று கேட்டால் எந்த நிறுவனமும் எண் தராது. வருகைப் பதிவேட்டில் சாதிக்கென ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் சாதியும் இல்லை என்று மனிதவள அதிகாரிகள் சொல்வார்கள். எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டம் தேவைப்படாது.

சம்பளம், பிடித்தம், பி.எஃப்., போனஸ் ஆகியவை கணக்கர்களின் விஷயம் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். வன்கொடுமை வழக்குக்கு முதல் தகவல் அறிக்கையை வரிவரியாகப் படிக்கும் நாம், அதே குடும்பத்தின் சம்பளச் சீட்டைப் படிப்பதில்லை. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில் அந்தச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது அவசரமாகிறது.

கேள்வி மாறிய கதை

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் (முறைப்படுத்துதல் மற்றும் ஒழித்தல்) சட்டத்தின் பெயரிலேயே ‘ஒழித்தல்’ என்ற சொல் இருந்தது. ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்யலாமா என்று முடிவெடுக்க, அதன் 10ஆம் பிரிவு அரசிடம் சில கேள்விகளைக் கேட்கச் சொன்னது. அந்த வேலை நிறுவனத்தின் தொழிலுக்குத் தேவையானதா? ஆண்டு முழுவதும் தொடர்ந்து நடப்பதா? அத்தகைய நிறுவனங்களில் வழக்கமாக நிரந்தரத் தொழிலாளர்களைக் கொண்டு செய்யப்படுவதா? முழுநேரத் தொழிலாளர்களை வைத்துக்கொள்ளப் போதிய அளவு வேலை இருக்கிறதா?

இந்தக் கேள்விகளை ஒரு தொழிற்சாலைக் கழிவறையிடம் கேட்டுப் பாருங்கள். தினமும் கழுவ வேண்டும், மூன்று ஷிஃப்டிலும் கழுவ வேண்டும், உற்பத்தி நின்றாலும் கழுவ வேண்டும். பெரும்பாலான கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றே பதில் வரும். 1976 டிசம்பர் 9 அன்று ஒன்றிய அரசு, தன் அதிகார வரம்புக்குட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசு தட்டுதல், காவல் ஆகிய வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்துவதைத் தடை செய்து அறிவிக்கை வெளியிட்டது. இன்றைய காதுக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். சுத்தம் செய்யும் வேலையை ஒப்பந்தத்துக்கு விடக்கூடாது என்று அரசே சொன்ன காலம் ஒன்று இருந்தது.

அந்த அறிவிக்கையை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2001 ஆகஸ்ட் 30 அன்று, இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ரத்து செய்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் நிலையையும் தனித்தனியே ஆராயாமல் ஒட்டுமொத்தமாகப் பிறப்பிக்கப்பட்டது என்பது காரணம். ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிடமாட்டார்கள் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயத்தில் மெய்ப்பித்தால்தான் உரிமை. கழிவறை கழுவும் பெண் அதை மெய்ப்பிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைத் தீர்ப்பு கணக்கிடவில்லை.

இப்போது புதிய சட்டத்துக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம், ‘மையப் பணி’களில் ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்தக்கூடாது என்று தடை விதிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவையெல்லாம் மையப் பணி அல்ல என்று அந்தச் சட்டத்தின் வரையறையே ஒரு பட்டியல் போடுகிறது. பட்டியலில் பதினோரு இனங்கள். முதல் இனம்: பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசு தட்டுதல், எல்லா வகைக் கழிவுகளையும் சேகரித்தலும் அகற்றுதலும் உள்ளிட்ட துப்புரவுப் பணிகள். அடுத்து காவல். பிறகு கேன்டீன், பாரம் ஏற்றி இறக்குதல், கட்டுமானமும் பராமரிப்பும், தோட்ட வேலை, வீட்டுப் பராமரிப்பு போன்ற ‘ஹவுஸ்கீப்பிங்’கும் சலவையும், போக்குவரத்து. 1976இல் ஒப்பந்தத்துக்குத் தடை செய்யப்பட்ட வேலைதான் 2020இல் ஒப்பந்தத்துக்குத் திறந்துவிடப்பட்ட பட்டியலின் முதல் வரியில் நிற்கிறது.

கேள்வி எப்படி மாறியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த வேலை தினமும் நடக்கிறதா என்று பழைய சட்டம் கேட்டது. இந்த வேலை முக்கியமானதா என்று புதிய சட்டம் கேட்கிறது. முதல் கேள்விக்குக் கடிகாரமும் நாள்காட்டியும் பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்வி மதிப்பைப் பற்றியது. எந்த வேலை மதிப்புடையது, எது மதிப்பற்றது என்பதை இந்த மண்ணில் யார் தீர்மானித்து வந்திருக்கிறார்கள் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சட்டத்தை எழுதியவர்கள் சாதியை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதினோரு இனங்களை எழுதும்போது அவர்களுக்குச் சாதி நினைவுக்கு வரவேயில்லை என்பதுதான் பிரச்சினை.

இது புதியதும் அல்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பகுதியில் கூலி அதிகம். அங்கே தீண்டப்படாதோர் அனுமதிக்கப்படவில்லை. அறுந்த நூலைத் தறியில் கோக்கும்போது எச்சில் பட வேண்டியிருக்கும், தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்பது சக தொழிலாளர்கள் சொன்ன காரணம். 1928 ஆலை வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முகத்துக்கு நேராக எழுப்பினார். கூலி உயர்வுக் கோரிக்கைகளோடு நெசவுப் பகுதியைத் திறந்துவிடும் கோரிக்கையும் சேர வேண்டும் என்றார். அன்றைய ‘மையப் பணி’ நெசவு. வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக அவர் 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அறிமுகப்படுத்தியதையும், அதுவே 1948இல் சட்டமானதையும் நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்த 1948 சட்டமும் இப்போது ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

சம வேலைக்குச் சம ஊதியம் என்ற வாதம் இங்கே ஏன் உதவுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே ஊதியம் தரவேண்டும் என்பது பழைய விதிகளில் ஒப்பந்ததாரர் உரிமத்தின் நிபந்தனை. அசெம்பிளி லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது ஆயுதம். ஆனால் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை முழுவதுமே ஒப்பந்தத்துக்குப் போய்விட்டால் ஒப்பிட்டுக் காட்ட ஒரு நிரந்தரத் துப்புரவாளர்கூட இருக்கமாட்டார். ஒப்பிட ஆளில்லாத இடத்தில் சமத்துவம் பேச முடியாது.

சீட்டை விரித்து வைப்போம்

கணக்கு விளங்குவதற்காக ஒரு சீட்டை நாமே எழுதிக்கொள்வோம். மாத மொத்தச் சம்பளம் 16,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 6,400. வீட்டு வாடகைப்படி 3,200. போக்குவரத்துப்படி 1,600. ‘இதரப்படி’ 4,800. ஒப்பந்ததாரர் பி.எஃப். கணக்கிடுவது 6,400க்கு மட்டும். அதில் 12 விழுக்காடு 768 ரூபாய் தொழிலாளியிடம் பிடிக்கப்படுகிறது. இன்னொரு 768 ஒப்பந்ததாரர் கட்ட வேண்டியது.

இந்தப் படிகளெல்லாம் எதற்காக என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வேனில் வருகிறவருக்கு எதற்குப் போக்குவரத்துப்படி? ‘இதரம்’ என்றால் எது? சம்பளத்தைத் துண்டு துண்டாக நறுக்குவதற்கு ஒரே காரணம், பி.எஃப்., பணிக்கொடை போன்றவற்றுக்கு அடிப்படையாகும் தொகையைச் சுருக்குவது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஒரே மாதிரியாக, வழக்கமாகத் தரப்படும் படிகளை பி.எஃப். கணக்கிலிருந்து ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து ஆண்டுகள் ஆகியும் நறுக்கும் கத்தி ஓயவில்லை.

ஊதியத் தொகுப்புச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் ‘ஊதியம்’ என்பதை ஒரே மாதிரி வரையறுக்கின்றன. பணமாகத் தரப்படும் எல்லாமே ஊதியம். பட்டியலிட்டு விலக்கப்பட்டவை மட்டுமே விலக்கு. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, மிகுதிநேர ஊதியம், போனஸ் முதலியவை அந்த விலக்குப் பட்டியலில் உள்ளன. விலக்கப்பட்டவற்றின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகிவிடும். ஊடகங்கள் இந்த ‘ஐம்பது விழுக்காடு’ விதியையே பெரிதாக எழுதின. அதற்கு முந்தைய வரியை யாரும் அதிகம் பேசவில்லை: ‘இதரப்படி’ என்று ஒன்று விலக்குப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே நம் சீட்டில் 6,400உடன் 4,800 நேரடியாகச் சேர்ந்து 11,200 ரூபாய் ஊதியமாகிறது. மீதமுள்ள வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் சேர்ந்து 4,800தான், பாதிக்கும் கீழ், ஆகவே அது அப்படியே நிற்கும்.

11,200இல் 12 விழுக்காடு 1,344 ரூபாய். முன்பு கட்டியதைவிட 576 அதிகம். இருபுறமும் சேர்த்தால் மாதம் 1,152 ரூபாய். ஆண்டுக்கு 13,824 ரூபாய் அந்தப் பெண்ணின் கணக்கில் ஏற வேண்டியது ஏறாமல் போகிறது. பணிக்கொடையில் ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாத ஊதியத்தை 26ஆல் வகுத்துக் கணக்கிடப்படும். ஐந்தாண்டுப் பணிக்கு 6,400ஐ வைத்தால் ஏறக்குறைய 18,460 ரூபாய். 11,200ஐ வைத்தால் ஏறக்குறைய 32,300 ரூபாய்.

ஒப்பந்ததாரர் உடனே ஒன்று சொல்வார்: ‘பி.எஃப். கூட்டினால் உன் கையில் வரும் பணம் 576 ரூபாய் குறையும், பரவாயில்லையா?’ இது பொய் அல்ல. மாதக் கடைசியில் அந்த 576 ரூபாயின் எடை என்னவென்று வீட்டு வாடகை கட்டுகிறவருக்குத் தெரியும். ஆகவே களப்பணியாளர்கள் இதை மேடையில் முழங்கிவிட்டுப் போக முடியாது. உட்கார்ந்து பேச வேண்டும். தொழிலாளியின் 576 எங்கும் போகவில்லை, அவர் கணக்கிலேயே சேர்கிறது. அதோடு முதலாளி தரப்பின் 576உம் வருகிறது. அதில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். இவ்வளவையும் விளக்கிய பின் முடிவு அவர்களுடையது.

இன்னொரு மோசடி மிகவும் பரவலானது. முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே பிடிப்பது. ‘உனக்குச் சம்பளம் 16,000’ என்று வாயால் சொல்லிவிட்டு, இரண்டு பங்கையும் அதிலிருந்தே கழித்துக் கையில் தருவார்கள். பி.எஃப். சட்டம் இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. இ.எஸ்.ஐ.யிலும் அப்படியே: மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களிடம் 0.75 விழுக்காடு மட்டுமே பிடிக்கலாம், 3.25 விழுக்காடு முதலாளியுடையது. 2019 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம்.

சீருடை, காலணி, அடையாள அட்டை என்று சீட்டில் வேறு பிடித்தங்கள் இருந்தால் அவற்றையும் கேள்விக்குட்படுத்த வேண்டும். பிடிக்கத்தக்கவை எவை என்று சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாதது பிடிக்கக்கூடாதது. கையுறை, முகக்கவசம் போன்ற பாதுகாப்புப் பொருள்களுக்குக் கட்டணம் வாங்கவே முடியாது. அபராதம் மாத ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. விளக்கம் கேட்காமல் விதிக்கவும் கூடாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியை மீறக்கூடாது. தொழில் வரி என்று ஒரு வரி தெரிந்தால், அது தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புக்கு அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படுவது என்பதையும், அரசியலமைப்பின் 276ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்ட முடியாது என்பதையும் நினைவில் வைத்து ரசீதைக் கேளுங்கள்.

மிகுதி நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். இதில் எந்தக் குழப்பமும் இல்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியபோது எழுந்த எதிர்ப்பால் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் காவல் வேலையிலும் துப்புரவிலும் பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. அதற்காகச் சட்டமன்றம் கூட வேண்டியிருக்கவில்லை.

ஒப்பந்ததாரர் மாறுகிறார், ஆள் மாறுவதில்லை

ஒரே தொழிற்சாலையில் பத்தாண்டுகளாகப் பெருக்கும் பெண்ணுக்கு, அந்தப் பத்தாண்டுகளில் மூன்று நான்கு ‘முதலாளிகள்’ வந்து போயிருப்பார்கள். டெண்டர் மாறும், சட்டையின் நிறம் மாறும், துடைப்பம் அதேதான். ஒவ்வொரு மாற்றத்திலும் பணிக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஐந்தாண்டு நிறைவடையாததால் பணிக்கொடை இல்லை. புதிய ஒப்பந்ததாரர் பழைய எண்ணைச் சேர்க்காமல் புதிய இ.எஸ்.ஐ. எண் வாங்கினால் முந்தைய பங்களிப்பு நாள்கள் காணாமல் போகும். இது வெறும் எழுத்தர் பிழை அல்ல. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள்களுக்காவது பங்களிப்பு இருந்தால்தான் ஊதியத்துடன் 26 வார மகப்பேறு விடுப்பு. கருவுற்றிருக்கும் மாதத்தில் ஒப்பந்தம் கைமாறினால் என்னவாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே பி.எஃப். பொது எண், ஒரே இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண். புதிய ஒப்பந்ததாரரிடம் சேரும் முதல் நாளே இவ்விரண்டையும் எழுதிக் கொடுத்து, கொடுத்ததைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. குறித்த காலப் பணியாளர்களுக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்று புதிய தொகுப்புச் சட்டம் சொல்கிறது. இது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் அதைக் கேட்க, குறித்த காலத்துக்கு அமர்த்தப்பட்டதாக ஒரு தாள் வேண்டும். ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்பதும் இப்போது சட்டம். அந்தக் கடிதத்தைக் கேட்பதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது.

தமிழ்நாட்டுக்கென ஒரு சட்டம் உண்டு. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாதங்களுக்குள் 480 நாள்கள் பணிசெய்தவர் நிரந்தரத் தகுதி பெறுகிறார். ஒப்பந்ததாரரின் ஆள் என்ற பெயர்தான் இந்தச் சட்டத்திலிருந்து தப்பிக்கும் வழி. சட்டப்படியான பயிற்சியாளர் என்ற பெயர் இன்னொரு வழி. 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் நீண்ட காலம் பணியாற்றிய துப்புரவுப் பெண்கள் உள்ளிட்டோரை நிரந்தரப்படுத்த உத்தரவிட்டது. தொடர்ந்து நடக்கும் வேலைக்குத் தற்காலிகம் என்று பெயர் சூட்டுவதையும் அது கண்டித்தது. அது அரசு அலுவலகம். தனியார் வாயிலுக்குள் அத்தீர்ப்பை நேராக எடுத்துச் செல்ல முடியாது. எனினும் ‘தினமும் நடக்கிறதா’ என்ற பழைய கேள்வி நீதிமன்றத்தில் இன்னும் சாகவில்லை என்பதற்கு அது சான்று.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்வதற்கே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நிரந்தரத் தொழிலாளர்களுக்கே இந்த நிலை என்றால், சங்கம் என்ற சொல்லை உச்சரித்த மறுநாள் ‘நாளை முதல் வேண்டாம்’ என்று வேன் ஓட்டுநர் மூலம் சொல்லி அனுப்பப்படுகிறவர்களின் நிலையைத் தனியாக விளக்க வேண்டாம். இப்பகுதித் தொழிற்சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்: கோரிக்கைப் பட்டியலில் ‘ஹவுஸ்கீப்பிங்’ தொழிலாளர்களுக்கான வரி கடைசியாகச் சேர்க்கப்பட்டு, பேச்சுவார்த்தையில் முதலாவதாகக் கைவிடப்படுவதை நிறுத்துங்கள்.

‘மதிப்பூதியம்’ என்னும் சொல்

தொழிற்சாலை வாயிலைவிட்டு ஊருக்குள் திரும்பினால் இன்னொரு சொல்லாட்சி காத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் தூய்மைக் காவலர்கள் பெறுவது ஊதியம் அல்ல, மதிப்பூதியம். மாதம் 3,600 ரூபாயாக இருந்தது 2022இல் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உள்ளாட்சித் துப்புரவுப் பணிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்துத் தமிழ்நாடு அரசே 2017 அக்டோபரில் அரசாணை (2டி) எண் 62ஐ வெளியிட்டது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி மாநிலமெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நடந்துகொண்டேயிருக்கின்றன. ஓர் அரசாணையை அரசு மதிக்க வேண்டும் என்று அரசிடமே கோருவது விசித்திரமான போராட்டம். பணத்துக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் குறைந்தபட்சக் கூலி பற்றிய கேள்வி எழாது என்ற நம்பிக்கைதான் இதன் அடியில் இருப்பது.

புதிய ஊதியத் தொகுப்புச் சட்டம் இங்கே நமக்குச் சற்று உதவும். குறைந்தபட்சக் கூலி இனி அட்டவணையிடப்பட்ட தொழில்களுக்கு மட்டும் அல்ல, எல்லா வேலைகளுக்கும். நிறுவனம் என்பதில் அரசு நிறுவனமும் அடங்கும். வேலையளிப்பவர் என்பதில் உள்ளாட்சியும் அடங்கும். பெயர் எதுவாயினும் பணமாகத் தரப்படும் கைம்மாறு ஊதியமே. பழைய அறிவிக்கைகள் புதிய சட்டத்துக்கு முரணாகாத அளவில் தொடரும் என்று சட்டமே சொல்வதால், அரசாணை 62ஐக் காலாவதி என்று தள்ளிவிடவும் முடியாது.

இதைவிட வலுவான ஆயுதம் 1982லிருந்தே நம் கையில் இருக்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் குறித்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வறுமையின் நெருக்கடியும் ஒரு கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் தர்க்கம். இன்னொரு பக்கம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் வெட்டி வேலையிலோ கட்டாய உழைப்பிலோ கொத்தடிமை உழைப்பிலோ ஈடுபடுத்துவதை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(எச்) குற்றமாக்குகிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் என்ன கிடைக்கிறது? அரசியலமைப்பின் சொல்லும் குற்றவியல் சட்டத்தின் சொல்லும் ஒன்றே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும், வாதத்துக்கு இடமுண்டு. ஆயினும் குறைகூலி வழக்கை வெறும் பண வழக்காக நடத்தாமல் இந்த வழியிலும் எடுத்துச் செல்ல நம் வழக்கறிஞர்கள் முயல வேண்டும் என்பது என் கருத்து.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்துப் போராடி, 13ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். மாநகராட்சிக்குத் துப்புரவு மையப் பணி இல்லை என்றால், மாநகராட்சி எதற்காக இருக்கிறது? சட்டப் பட்டியலின் முன்னுரையில் ஒரு விதிவிலக்கு உண்டு: அந்தப் பணிக்காகவே அமைக்கப்பட்ட நிறுவனத்துக்கு அது மையப் பணியாகவே கருதப்படும். குப்பை அகற்றுவதைச் சட்டப்படியான கடமையாகக் கொண்ட சென்னை மாநகராட்சியும், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியும் இந்த விதிவிலக்குக்குள் வருகின்றனவா என்பது நீதிமன்றத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி.

யாரைக் கேட்பது, எதைக் காட்டுவது

ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை வரம்பு 20இலிருந்து 50ஆக உயர்ந்துவிட்டது. 49 பேரை வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்கு இனி உரிமம் தேவையில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த அத்தியாயமே அவரைத் தொடாது. ஒரே முகவரியில் மூன்று பெயர்களில் மூன்று ஏஜென்சிகள் முளைப்பதற்கு இது போதும். ஆனால் ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்கு அத்தகைய வரம்பு கிடையாது. அதன் 43ஆம் பிரிவின்படி ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால், எந்த நிறுவனத்தில் வேலை நடந்ததோ அதன் உரிமையாளர் தரவேண்டும். ஆகவே புகாரில் ஒப்பந்ததாரர் பெயரை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடக்கூடாது. ஒப்பந்ததாரர் ஊரைவிட்டே போய்விடலாம். தொழிற்சாலையால் போக முடியாது.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையிலிருந்து நீக்கினாலோ தொழிலாளியே விலகினாலோ இரண்டு வேலை நாள்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். சம்பளச் சீட்டு தருவது கட்டாயம். குறைவாகக் கொடுத்தது பற்றிய கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இது ஆறு மாதம்தான். நிலுவையோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடும் கேட்கலாம். தொழிலாளியோ அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமோ மனுச் செய்யலாம். சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலையளிப்பவருடையது என்று 59ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மறுபக்கம், தண்டனை மெலிந்திருக்கிறது: குறைகூலிக்கு முதல் குற்றத்திலேயே ஆறு மாதம்வரை சிறை என்ற பழைய ஏற்பாடு போய், முதல் முறை 50,000 ரூபாய்வரை அபராதம் மட்டும். ஐந்தாண்டுக்குள் மீண்டும் செய்தால்தான் சிறை என்ற பேச்சு.

ஊதியக் கோரிக்கைகளுக்குத் தொழிலாளர் துறை, பாதுகாப்பு தொடர்பானவற்றுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், பி.எஃப். புகாருக்குத் தாம்பரத்திலுள்ள வருங்கால வைப்பு நிதி மண்டல அலுவலகம். மூன்றுக்கும் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்: குடியிருப்பில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் கைபேசியிலும் பி.எஃப். கணக்கேட்டைத் திறந்து, எந்தெந்த மாதம் பணம் ஏறவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கல்லூரி மாணவர்கள் இதற்குப் பெரிதும் பயன்படுவார்கள். பல வீடுகளில் அந்தக் கடவுச்சொல்லை உருவாக்கியதே அவர்கள்தான். வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய தேதிகளையும் அதே நோட்டில் அடுத்த பத்தியில் எழுதுங்கள். வாயிற்காவல் நுழைவுச் சீட்டு, கேன்டீன் டோக்கன், மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஷிஃப்ட் பட்டியல், சீருடையோடு எடுத்த படம் என்று எதையும் எறிய வேண்டாம். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத ஒருவர் அந்த வாயிலுக்குள் வேலை செய்தார் என்பதற்குப் பிறகு தேவைப்படும் சான்று அவைதான்.